விட்டுவைத்தலும் விலைபேசுதலும்

கைக்கு எட்டிய பொருளை ஒருவன் எடுக்காமல் விட்டுவைக்கிறான் என்றால், பின்னால் அது பெருகித் தன்னிடமே திரும்பி வரும் என்ற கணக்கில் விட்டுவைத்தானா, அல்லது எடுப்பது தகாது என்ற ஒரே காரணத்தால் விட்டானா என்று வினவி, முன்னதை வாணிகம் என்றும் பின்னதை அறம் என்றும் பிரித்துப் பார்க்கும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழையது. மறுமைப் பயனை எண்ணிக் கொடுக்கும் கொடையைக்கூடக் கொடையென்று ஏற்கத் தயங்கியவர்கள் சங்கப் புலவர்கள். ஆய் அண்டிரனைப் புகழ வந்த உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், அவன் அத்தகைய வியாபாரி அல்லன் என்பதையே அவனுக்குரிய பெருமையாக எடுத்துச் சொன்னார். கீதை கூறும் நிஷ்காம கர்மமும் இந்தப் பிரிவினையைத்தான் வேறொரு பாஷையில் நிலைநாட்டுகிறது. தானம், விரதம், தவம் ஆகியவற்றைப் பற்றிய உபந்நியாசங்களில் இக்கேள்வி அடிக்கடி எழுந்து, எழுந்த வேகத்திலேயே அடங்கியும் விடுகிறது. அங்கே பலன் கண்ணுக்குப் புலப்படுவதில்லை, ஆகையால் எதையும் சோதித்துப் பார்க்க வழியில்லை. பலனைத் தராசில் இட்டு நிறுக்கக்கூடிய ஓர் இடத்தில், அதுவும் மதத்தின் பெயரை யாரும் உச்சரிக்காத ஓர் இடத்தில், இதே கேள்வியை வைத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பதே எனது விசாரம். அந்த இடம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குக் கிழக்கே அட்லாண்டிக் கடலுக்குள் கிடக்கும் ஜார்ஜஸ் பாங்க் என்னும் ஆழங்குறைந்த கடலடி மேடு. பொருள், அங்கே மணலிலும் சரளையிலும் வாழும் ஸ்காலப் என்னும் சிப்பி.

இந்தச் சிப்பியைப் பற்றி முதலில் சிறிது சொல்ல வேண்டும். உள்ளங்கையளவு அகன்று ஏறக்குறைய வட்டமாக இருக்கும் இரண்டு ஓடுகளுக்குள் வாழும் இப்பிராணி, மற்றச் சிப்பிகளைப் போலப் பாறையில் ஒட்டிக்கொண்டோ மணலில் புதைந்தோ கிடப்பதில்லை. ஆபத்து நெருங்கினால் ஓடுகளைப் படபடவென்று தட்டி, உள்ளிருக்கும் நீரைப் பீய்ச்சி, அந்த உந்துதலிலேயே துள்ளிச் சென்று வேறிடத்தில் அமர்ந்துகொள்ளும். ஓடுகளை இறுக மூடுவதற்கென்று அதற்கு அமைந்த ஒற்றைத் தசையைத்தான் அமெரிக்கர்கள் உண்கிறார்கள். கடலடியில் இழுத்துச் செல்லப்படும் கனத்த இரும்புச் சட்டமும், அதன் பின்னே இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த பையும் மேலே வந்து தளத்தில் கொட்டிய குவியலிலிருந்து, கல்லையும் நட்சத்திர மீனையும் பொடிச் சிப்பியையும் கழித்துவிட்டு, தேறியவற்றைக் கூடைகளில் அள்ளிக்கொண்டு போய் மாலுமிகள் வரிசையாக நின்று உடைக்கிறார்கள். குட்டையான கத்தியை ஓடுகளின் இடுக்கில் செருகி, ஒரு பக்கத்து ஓட்டிலிருந்து தசையை அறுத்து, அந்த ஓட்டையும் குடலையும் ஒரே வீச்சில் கழித்து, எஞ்சிய வெள்ளைத் தசையை மறு ஓட்டிலிருந்து வழித்து வாளியில் இடும் இந்தக் காரியம் பழகிய கைக்குச் சில விநாடிகளே பிடிக்கும். கழுவிய தசைகளை ஏறக்குறைய 50 ராத்தல் கொள்ளும் துணிப்பைகளில் கட்டிப் பனிக்கட்டியில் புதைத்துக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். ராத்தலுக்குப் பத்துக்கும் குறைவாக நிற்கும் பெரிய தசைக்கு விலை அதிகம். அதே ராத்தலுக்குப் பல நிற்கும் பொடிக்கு விலை குறைவு. இந்தச் சந்தை விவரத்தை வாசகர் நினைவில் வைத்திருப்பது நல்லது. பின்னால் வரும் தத்துவ விவகாரம் பெரும்பாலும் இதன்மேல்தான் நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஓட்டின் விளிம்பு நெடுகிலும் இதற்குக் கண்கள் உண்டு. அவை 200 வரை இருக்கும். ஒவ்வொரு கண்ணின் பின்புறத்திலும் ஒரு குழியாடி அமைந்து, அதுவே பிம்பத்தை உண்டாக்குகிறது என்று 1965இல் மைக்கேல் லேண்ட் என்னும் பிரிட்டிஷ் விஞ்ஞானி காட்டினார். அந்த ஆடி, குவானின் என்னும் பொருளின் நுண்ணிய சதுரப் படிகங்களை இடைவெளியின்றிப் பதித்து அடுக்கடுக்காக அமைந்தது என்பது 2017இல் வெளிவந்த ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. நம் தொல்காப்பிய மரபியல், நத்தையையும் சிப்பியையும் தொடுவுணர்வும் சுவையுணர்வும் மட்டுமே வாய்ந்த ஈரறிவுயிர்களாக வகுத்து, பார்வையை நான்காம் அறிவாக அவற்றுக்கு எட்டாத உயரத்தில் வைத்தது. இருநூறு கண்ணுடைய ஈரறிவுயிரை அந்த வகுப்பில் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கொல்லாமையைப் பரமதர்மமாகக் கொண்டவர்களுக்கு இது விளையாட்டான கேள்வியும் அன்று. அதை இங்கே நான் தொடரப் போவதில்லை. ஆயினும், மீன்வள நிர்வாகத்தின் ஏடுகளில் உயிர் மூலதனமாகவும், அது ஈனும் குஞ்சுகள் வட்டியாகவும் எழுதப்படுகின்றன என்பதையும், அவ்வாறு எழுதப்படும் பிராணி நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்பதையும் ஒருசேர மனத்தில் நிறுத்திக்கொண்டால் மேலே செல்வது எளிதாகும்.

கடலில் எடுப்பதற்கு வரம்பு வேண்டும் என்ற எண்ணமே மேல்நாட்டுச் சாஸ்திரங்களில் பிந்தித் தோன்றியது. 1609இல் டச்சுச் சட்ட அறிஞர் குரோஷியஸ், கடல் எவருக்கும் தனியுடைமையாக முடியாது என்று வாதிட்டபோது, எவ்வளவு பயன்படுத்தினாலும் அது தீர்ந்துபோகாது என்பதை அவ்வாதத்தின் தூண்களில் ஒன்றாக நிறுத்தினார். 1883இல் லண்டனில் நடந்த மீன்பிடித் தொழிற் கண்காட்சியில் பேசிய டி. எச். ஹக்ஸ்லி, சால்மன் ஏறிவரும் ஓர் ஆற்றை மனிதன் வெறுமையாக்கிவிட முடியும் என்று ஒப்புக்கொண்டவர், காட், ஹெர்ரிங் முதலிய பெருங்கடல் மீன்களோ அன்றைய முறைகளால் தீர்க்க முடியாதவை என்று முடிவு கட்டினார். எடுக்க எடுக்கக் குறையாமை என்பது நம் முன்னோர்கள் பரம்பொருள் ஒன்றுக்கே உரியதாகச் சொன்ன இலட்சணம். கடவுளைப் பற்றி அறிய இயலாது என்று சொல்லி, அந்த நிலைப்பாட்டுக்கு ஒரு பெயரையே ஆக்கித் தந்த அதே ஹக்ஸ்லி, கடவுளின் இலட்சணத்தைக் கூசாமல் கடலுக்குக் கொடுத்துவிட்டார். பகுத்தறிவின் சரித்திரத்தில் இவ்வளவு பெரிய பக்தி வேறெங்கும் எனக்குத் தென்பட்டதில்லை.

அந்தப் பக்தி தெளிய நூறாண்டு பிடித்தது. 1976இல் இயற்றிய சட்டத்தால் அமெரிக்கா தன் கரையிலிருந்து 200 மைல்வரை மீன்பிடி உரிமையைத் தனதாக்கிக்கொண்டு அயல்நாட்டுக் கப்பல்களை விலக்கியது. விலக்கிய இடத்தில் சொந்தக் கப்பல்கள் பெருகின. 1984 அக்டோபரில் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம், ஜார்ஜஸ் பாங்க் மேட்டை அமெரிக்காவுக்கும் கனடாவுக்குமாகக் கோடிட்டுப் பிரித்துக் கொடுத்தது. கோடு விழுந்ததே தவிர மீன் பெருகவில்லை. 1992 ஜூலையில் கனடா, நியூஃபவுண்ட்லாந்துக் கடலின் காட் மீன்பிடிப்பை அடியோடு நிறுத்த நேர்ந்து, முப்பதாயிரம் பேருக்குக் குறையாமல் ஒரே உத்தரவில் பிழைப்பை இழந்தார்கள். அந்தக் கதி தனக்கும் வந்துவிடும் என்று கண்ட அமெரிக்க அரசாங்கம், காட், ஹாடாக், மஞ்சள்வால் ஃபிளவுண்டர் ஆகிய அடிமட்ட மீன்களைக் காக்கும் பொருட்டு, 1994 டிசம்பரில் மூன்று பெரும் பரப்புகளை, ஏறக்குறைய 17,000 சதுர கிலோமீட்டரை, ஆண்டு முழுவதும் மூடிவிட்டது. ஸ்காலப் பிடிக்கும் இரும்புப் பையிலும் அந்த மீன்கள் அகப்படும் என்பதால், ஸ்காலப் கப்பல்களுக்கும் அங்கே வழியடைத்தார்கள். சிப்பியைக் காக்க வேண்டும் என்பது அந்த உத்தரவின் நோக்கமே அன்று. வேறொரு ஜாதி மீனின் பொருட்டுத் தங்கள் நல்ல நிலத்தை இழந்தவர்களாகவே ஸ்காலப் மாலுமிகள் வெளியே நின்றார்கள்.

பிறகு நடந்ததுதான் இந்த விசாரத்துக்கு ஆதாரம். 1998 ஜூலையில் ஆராய்ந்து பார்த்தபோது, மூடிய பரப்பில் ஸ்காலப்பின் மொத்த எடை பக்கத்துத் திறந்த பரப்பைக் காட்டிலும் 9 மடங்கும், அறுவடைக்கு ஏற்ற பெரிய சிப்பியின் எடை 14 மடங்கும் செறிந்திருக்கக் கண்டார்கள். இதன் காரணத்தில் மாயம் ஒன்றுமில்லை. மூன்றாம் வயதுக்கும் ஐந்தாம் வயதுக்கும் இடையே இச்சிப்பியின் தசை நான்கு மடங்கு கனக்கிறது. அதற்கு முன்பெல்லாம் அந்த மூன்றாம் வயதிலேயே அதை வாரி எடுத்துவந்தார்கள். அதுவன்றி, வயதேறிய ஒரு பெண் சிப்பி ஓராண்டில் பல கோடி முட்டைகளை நீரில் விடும். குஞ்சுகள் சில வாரங்கள் நீரோட்டத்தில் அலைந்து, பிறகு அடியில் இறங்கி அமர்ந்துகொண்டால், தத்தித் தாவினாலும் பெரும்பாலும் அந்த வட்டாரத்தைவிட்டு அகல்வதில்லை. கோட்டுக்கு உள்ளே விட்டது கோட்டுக்கு உள்ளேயே வளர்ந்தது. ஆனால் எந்த மீனுக்காகக் கோடு கிழித்தார்களோ அவற்றுள் ஹாடாக் காலப்போக்கில் பெருகியது, காட் மீனோ மீளவில்லை. முப்பது ஆண்டு கழித்தும் ஜார்ஜஸ் பாங்கின் காட் நலிந்தே கிடக்கிறது. காட் கோட்டை அறியாது. திரிந்து வெளியே போனால் வலையில் விழும். முட்டை மிகுதியாக இடும் கிழட்டு மீன்கள் முன்னரே அருகிப்போயின. கடல்நீரும் வெதும்பிக்கொண்டு வருகிறது. ஆக, ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே உத்தரவால் செய்த ஒரே தியாகம், கேளாதவர்களுக்குச் செல்வமாகவும் காட் மீனை நாடியவர்களுக்கு ஒன்றுமில்லாமலும் முடிந்தது. கர்மத்துக்கும் பலனுக்கும் உள்ள சம்பந்தம் மனிதனின் கையில் இல்லை என்று நம் ஆசிரியர்கள் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை வேதாந்த நூல்களில் தேடினாலும் கிடைப்பது அரிது.

1999இல் மூடிய பரப்பின் ஒரு பகுதியை ஸ்காலப் கப்பல்களுக்குத் திறந்துவிட்டார்கள். கண்ட பலனைக் கைவிட மனமில்லாமல், 2004இல் அதையே முறையாக்கி, பொடிச் சிப்பி நிறைந்த பகுதியை மூடுவதும், அது வளர்ந்தபின் இத்தனை பயணம், இத்தனை எடை என்று அளந்து திறப்பதுமாக, இடம் மாற்றி இடம் மாற்றி எடுக்கும் சுழற்சியை நிறுவினார்கள். இரும்பு வளையத்தின் அளவை 4 அங்குலமாக்கிச் சிறியவற்றுக்குத் தப்ப வழிவிட்டார்கள். கப்பலில் ஆட்களின் தொகையை மட்டுப்படுத்தி, உடைக்கும் கைகள் குறைந்தால் பொடிச் சிப்பியை உடைக்க நேரமிராது என்று தந்திரமாகக் கணக்கிட்டார்கள். ஸ்காலப்பை முதன்மையாகக் கொண்ட நியூ பெட்ஃபோர்டு, பிடித்து இறக்கும் பொருளின் மதிப்பில் அமெரிக்கத் துறைமுகங்களுள் முதலிடத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து வகித்தது. நிலத்தைத் தரிசு போட்டு அடுத்த போகத்துக்கு உரமேற்றும் விவசாயியின் புத்திக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. முடமோசியாரின் அளவுகோலால் அளந்தால் இது வாணிகந்தான். ஆயினும் இதை இழிவென்று தள்ள நான் உடன்படேன். லோபம் அவசரப்படும், இது காத்திருக்கிறது. காத்திருக்கப் பழகிய ஆசை பாதி தூரம் தர்மத்துக்குள் வந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

பாதி தூரம் என்பதை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். சிப்பி இரண்டு ஆண்டில் நான்கு மடங்காகிறது. உலகத்தில் எந்த பாங்கும் அத்தகைய வட்டி தருவதில்லை. ஆகவே அங்கே பொறுத்திருப்பவன் புத்திசாலி, பொறுக்காதவன் மூடன். ஆனால் மெல்ல வளரும் பிராணிகளைப் பற்றி 1973இல் கனடாவின் கணித அறிஞர் காலின் கிளார்க் ஒரு கசப்பான கணக்கைப் போட்டுக் காட்டினார். கடலில் ஒரு பிராணி பெருகும் வேகம், பணம் பாங்கில் பெருகும் வேகத்தைவிடக் குறைவாக இருக்குமானால், அதைப் பிடிக்கும் செலவும் அதிகமில்லாத பட்சத்தில், லாபத்தை மட்டும் நாடுகிறவன் அதை வம்சத்தோடு கொன்று தீர்த்துப் பணமாக்கி வட்டிக்குப் போடுவதே உத்தமமான வழி என்று அந்தக் கணக்கு சொல்லிற்று. அவர் மனத்தில் இருந்தது திமிங்கலம். பேராசைக்காரர்கள் மட்டுமே கடலை அழிக்கிறார்கள் என்றும், தூரதிருஷ்டியுள்ள முதலாளி எப்போதும் காப்பான் என்றும் நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பேரிடியாக இருந்திருக்க வேண்டும். தூரதிருஷ்டியே கொலைக்குத் தூண்டும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்துக்கு இப்பால் நிற்கும் ஸ்காலப்பைக் காக்க அறம் தேவையில்லை, கணக்குப்பிள்ளை போதும். அப்பால் நிற்கும் உயிர்களின் விஷயத்திலோ, கணக்குப்பிள்ளை எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்லிவிடுவான். மீன்வள நிர்வாகத்தின் வெற்றிக்குச் சான்றாக உலகெங்கும் ஸ்காலப்பைக் காட்டுகிறார்களே, அதில் எனக்குள்ள ஐயம் இதுதான்: விட்டுவைத்தால் விரைவில் திரும்பி வரும் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை விட்டுவைத்ததிலிருந்து, வராதவற்றை எப்படி நடத்துவது என்பதைக் கற்றுக்கொள்ள முடியாது.

பலன் யாருக்குப் போயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்காலப் பிடிக்கும் முதன்மையான உரிமம் 1994இலேயே அன்றிருந்த கப்பல்களோடு வரம்பு கட்டி நிறுத்தப்பட்டு, இன்று சுமார் 350 கப்பல்களிடம் இருக்கிறது. காட் மீனை நம்பி அதே கடலில் வாழ்ந்து, அதே உத்தரவால் வெளியே நின்று, பின் படகை விற்றுப் போனவனுக்கு அந்த உரிமத்தில் பங்கில்லை. ஒருவன் நோற்ற நோன்புக்கு மற்றொருவன் வரம் பெறுவது புராணத்தில் அழகாக இருக்கும். துறைமுகத்தில் அது மனக்கசப்பு.

நம் கடலிலும் இதற்கு ஓர் இணை உண்டு. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில், சிப்பியைச் சிறு அளவில் எடுத்து முத்தை மதிப்பிட்டுப் பார்த்து, முதிர்ந்தது என்று கண்டால் மட்டுமே முத்துக்குளிப்பாகிய சலாபத்தை அறிவிப்பதும், முதிராவிட்டால் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதும் நெடுநாளைய வழக்கம். அந்தக் காத்திருப்பும் கணக்குத்தான். ஆயினும் கடல் அதற்குக் கட்டுப்படவில்லை. 1905இல் இலங்கைப் பக்கத்தில் கோடிக்கணக்கான சிப்பிகளை அள்ளிய மகிழ்ச்சியில், மறு ஆண்டே ஓர் ஆங்கிலக் கம்பெனி அந்தப் பார்களை 20 ஆண்டுக்குக் குத்தகை எடுத்தது. 1907க்குப் பின் பார்கள் வறண்டு கம்பெனி கலைந்தது. தூத்துக்குடிப் பக்கத்தில் 1961ஆம் ஆண்டுக்குப் பிறகு சலாபமே நடக்கவில்லை. அறுபது ஆண்டுக்கு மேலாக யாரும் எடுக்காமல் விட்டிருந்தும், சலாபம் கூட்டும் அளவுக்குச் சிப்பி திரும்பவில்லை என்பது, விட்டுவைத்தால் பெருகும் என்ற சூத்திரத்தை மூலமந்திரமாக உருப்போடுகிறவர்கள் மறக்கக்கூடாத விஷயம்.

அறம் இல்லாத இடத்தைச் சட்டம் நிரப்பாதா என்று கேட்பார்கள். 1994இல் நிரப்பியது சட்டந்தான். மாலுமிகள் யாரும் மனமுவந்து விலகவில்லை. ஆனால் சட்டம் தன் நியாயத்தை எங்கிருந்து எடுக்கிறது என்று பார்த்தால், அமெரிக்க மீன்வளச் சட்டத்தின் முதற் கோட்பாடே, அளவுமீறிப் பிடிப்பதைத் தடுக்க வேண்டும், அதே வேளையில் தகுந்த மகசூலும் தொடர்ந்து கிடைத்துவர வேண்டும் என்றுதான் சொல்கிறது. 1996இல் செய்த திருத்தம், நலிந்த மீனினத்தை மீட்கும் திட்டத்துக்குப் பொதுவாகப் பத்தாண்டை எல்லையாக வைத்தது. உயிரியற் காரணத்தால் முடியாதவற்றுக்கு விலக்கும் அளித்தது. ஒரு தலைமுறையிடம் எவ்வளவு பொறுமையை எதிர்பார்க்கலாம் என்று சட்டம் போட்ட மதிப்பீடு அந்தப் பத்தாண்டு. குறை சொல்ல முடியாத, தாராளமான மதிப்பீடு. நியூ இங்கிலாந்து மீன்வள மன்றத்தில் வாக்குரிமையுள்ளவர்கள் 18 பேர். அவர்கள் ஒரு ஸ்காலப் பரப்பை மூடும்போது, ஏறக்குறைய எப்போது திறக்கும் என்று மாலுமியிடம் சொல்ல முடிகிறது, அவனும் கடன்காரனிடம் அதைச் சொல்லித் தவணை வாங்கிக்கொள்ள முடிகிறது. 2018இல், காட் முதலியவற்றுக்காக 1994இல் மூடிய பரப்புகளில் சிலவற்றைத் திறந்துவிட்டபோது, உள்ளே நுழைந்து நிறைய அள்ளியவை ஸ்காலப் கப்பல்கள். காட் மீனவனிடம் சொல்வதற்கோ தேதி எதுவும் இல்லை. அவன் விட்டுக்கொடுப்பது அவனுக்கோ அவன் மகனுக்கோ திரும்பும் என்று உறுதி கூற விஞ்ஞானியும் துணிவதில்லை. ஆய் அண்டிரன் கொடுத்த கொடை எந்த வகையைச் சேர்ந்ததோ அந்த வகைக் கொடையை, அரசனிடம் அன்று, கப்பலுக்குக் கடன் வாங்கிய கூலிக்காரனிடம் அந்த மன்றம் கேட்கிறது. அப்படிக் கேட்கிறோம் என்பதை அவனிடம் அது இன்னும் வெளிப்படையாகச் சொல்லவில்லை.